பழைய கேம்ரி, குறையும் ஆயில்: 2007–2009 2.4 லிட்டர் காரின் முழுக் கணக்கு

அமெரிக்காவில் கையில் ஐந்தாறாயிரம் டாலர் வைத்துக்கொண்டு பழைய கார் தேடுகிறவருக்கு, யாரிடம் கேட்டாலும் முதலில் கிடைக்கிற பெயர் டொயோட்டா கேம்ரி. மேல்படிப்புக்கு வந்து இறங்குகிற நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு சீனியர்கள் சொல்வதும் அதுதான்: கேம்ரி கிடைத்தால் யோசிக்காமல் எடு, இரண்டு லட்சம் மைல் ஓடும். பெரும்பாலும் சரியான பேச்சுதான். ஆனால் பேச்சு ஒரு பெயரைப் பற்றியது, நாம் பணம் கொடுத்து வாங்குவதோ குறிப்பிட்ட வருடத்தில் வந்த, குறிப்பிட்ட எஞ்சின் வைத்த ஒரு வண்டியை. கேம்ரியிலேயே 2007, 2008, 2009 ஆகிய மூன்று மாடல் வருடங்களில் நாலு சிலிண்டர் 2.4 லிட்டர் எஞ்சினோடு வந்தவை இருக்கின்றனவே, அவற்றைத் தனியாக எடுத்து வைத்துத்தான் பேச வேண்டும். ஒரே ஒரு விஷயத்தை விடாமல் கவனித்தால் மலிவாக ஓடுகிற கார்கள் அவை. அதைக் கவனிக்காமல் விட்டால் வாங்கின விலையைத் தாண்டி செலவு வைக்கும். அந்த விஷயம் எஞ்சின் ஆயிலின் அளவு.

இப்போது ஏன் இதை எழுதுகிறேன் என்றால், இந்தக் கார்கள் இன்று விலை சரிந்து, கடைசிப் படியில் வாங்குகிறவர்கள் கைக்கு வந்து சேர்கிற வயதில் இருக்கின்றன. புதிதாக வாங்கினவருக்கு வாரண்டி இருந்தது, அடுத்து வாங்கினவருக்கு நிறுவனம் கொடுத்த நீட்டிப்பு இருந்தது. இன்றைக்கு வாங்குகிறவருக்கு இரண்டும் கிடையாது.

எந்த வண்டி

இந்தத் தலைமுறை கேம்ரி 2007 மாடலில் தொடங்கி 2011 வரை வந்தது. கென்டக்கி மாநிலம் ஜார்ஜ்டவுன் தொழிற்சாலையில் பெரும்பகுதி, இண்டியானா மாநிலம் லஃபாயட்டில் சுபாரு தொழிற்சாலையில் ஒரு பகுதி என்று கட்டினார்கள். 2007-ல் மட்டும் அமெரிக்காவில் நாலு லட்சத்து எழுபதாயிரத்துக்கு மேல் விற்றது. அவ்வளவு விற்றதால்தான் இன்றைக்கும் பழைய கார்களைப் பிரித்து விற்கிற ஜங்க்யார்டில் கதவும் கண்ணாடியும் ஹெட்லைட்டும் மலிவாகக் கிடைக்கின்றன, எந்த ஊர் மெக்கானிக்குக்கும் இந்த வண்டி தெரிந்திருக்கிறது. பழைய காரில் இது பெரிய பலம், விளம்பரத்தில் எழுதமாட்டார்கள் அவ்வளவுதான்.

முதல் மூன்று வருடம் நாலு சிலிண்டர் காரில் இருந்தது 2ஏஇசட்-எஃப்இ என்கிற 2.4 லிட்டர் எஞ்சின், 158 குதிரைத்திறன், ஐந்து கியர் ஆட்டோமேட்டிக். 2010-ல் அதை எடுத்துவிட்டு 2ஏஆர்-எஃப்இ என்கிற 2.5 லிட்டர் எஞ்சினும் ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கும் வைத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கார் மாதிரிதான் தெரியும், முன்பக்க கிரில்லும் பம்பரும் கொஞ்சம் மாறியிருக்கும். சந்தேகம் இருந்தால் காரின் அடையாள எண்ணான 17 எழுத்து வின் எண்ணில் பத்தாவது எழுத்தைப் பாருங்கள். 7, 8, 9 என்று இருந்தால் முறையே 2007, 2008, 2009. ஏ என்று இருந்தால் 2010, பி என்றால் 2011. விற்பவர் '2010-ல் வாங்கினது' என்று சொல்வது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் கார் 2009 மாடலாக இருக்கும், எஞ்சின் பழையதாக இருக்கும்.

ஆயில் எங்கே போகிறது

பிஸ்டனைச் சுற்றி மூன்று வளையங்கள் உண்டு. மேலே இருக்கிற இரண்டு ரிங்குகள் எரியும் வாயுவைக் கீழே இறங்கவிடாமல் அடைக்கின்றன. மூன்றாவதுதான் ஆயில் ரிங். சிலிண்டர் சுவரில் படிகிற ஆயிலை வழித்தெடுத்து, பிஸ்டனில் இருக்கிற சிறு துளைகள் வழியாகத் திரும்பக் கீழே அனுப்புவது அதன் வேலை. இந்த எஞ்சினில் அந்தத் துளைகளிலும் ரிங்கின் பள்ளத்திலும் கரி படிகிறது. கரி ஏற ஏற ரிங் அசையாமல் ஒட்டிக்கொள்கிறது, துளை அடைபடுகிறது, வழித்தெடுக்க வேண்டிய ஆயில் சுவரிலேயே தங்கிப் பெட்ரோலோடு சேர்ந்து எரிகிறது. எரியும் ஆயில் இன்னும் கரியை உண்டாக்குகிறது. ஒருமுறை தொடங்கினால் தானாக நிற்பதில்லை என்பதன் காரணம் இதுதான்.

2011-ல் டொயோட்டா தன் டீலர்களுக்கு டி-எஸ்பி-0094-11 என்ற தொழில்நுட்பச் சுற்றறிக்கையை அனுப்பியது. அதிகமாக ஆயில் குடிக்கிறது என்று புகார் வந்தால் எப்படிச் சோதிப்பது, எதை மாற்றுவது என்று அதில் இருந்தது. சோதனை எளிமையானது. ஆயிலை முழு அளவுக்கு நிரப்புவார்கள், டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கிற கம்பி), மூடி, வடிகால் போல்ட் எல்லாவற்றிலும் யாரும் தொடவில்லை என்று தெரிகிற மாதிரி அடையாளம் வைப்பார்கள், 1,200 மைல் ஓட்டிவிட்டு வரச் சொல்வார்கள். அதற்குள் ஒரு குவார்ட்டுக்கு (கிட்டத்தட்ட ஒரு லிட்டர்) மேல் குறைந்திருந்தால் கார் தேறவில்லை, மாற்றி வடிவமைத்த பிஸ்டனும் ரிங்குகளும் போட வேண்டும். 2015 வாக்கில் இதே விஷயத்துக்கு இசட்இ7 என்ற பெயரில் வாரண்டி நீட்டிப்பு கொடுத்தார்கள். கார் முதலில் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து 10 வருடம் அல்லது 1,50,000 மைல், எது முதலில் வருகிறதோ அதுவரை.

இதில் வாங்குகிறவர் புரிந்துகொள்ள வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. எல்லைக்கோடு 1,200 மைலுக்கு ஒரு குவார்ட். அதாவது 1,300 மைலுக்கு ஒரு குவார்ட் குடித்த கார் அன்றைக்குச் சோதனையில் தேறிவிட்டது, இலவச வேலை கிடைக்கவில்லை. இடையில் இத்தனை வருடம் ஓடிய பிறகு அதே கார் எவ்வளவு குடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆக இன்றைக்குச் சந்தையில் இருப்பவை மூன்று வகை: பிஸ்டன் மாற்றப்பட்ட கார், மாற்ற வேண்டியிருந்தும் மாற்றாமல் போன கார், கடைசிவரை பெரிதாகக் குடிக்காமலேயே வந்த கார். மூன்றும் இணையத்தில் ஒரே விலைக்கு, ஒரே மாதிரிப் புகைப்படங்களோடு கிடக்கும்.

கணக்கு

ஒரு குவார்ட்டுக்கு 1,200 மைல் என்றே வைத்துக்கொள்வோம், வருடத்துக்கு 12,000 மைல் ஓட்டுகிறீர்கள். ஆயில் சேஞ்சுக்கு ஆகிறது தனி, அதற்கு மேல் வருடத்துக்குப் பத்து குவார்ட் ஊற்ற வேண்டும். ஐந்து குவார்ட் கேன் சிந்தெட்டிக் ஆயில் பெரிய கடையில் சுமார் 25 டாலர். ஆக வருடத்துக்கு ஐம்பது டாலர். ஒரு பில்டர் காபி வாங்கும் பழக்கமே இதைவிட அதிகம் வைக்கும். ஆயிலின் விலையைப் பார்த்துப் பயப்பட ஒன்றும் இல்லை.

பயப்பட வேண்டியது அடுத்த கணக்குக்கு. இந்த எஞ்சின் கொள்வது சுமார் நாலரை குவார்ட் ஆயில். பெரும்பாலானவர்கள் 5,000 மைலுக்கு ஒருமுறை ஆயில் சேஞ்ச் செய்கிறார்கள், இடையில் பானெட்டைத் திறப்பதே இல்லை. 1,200 மைலுக்கு ஒரு குவார்ட் என்ற வேகத்தில் 5,000 மைலில் நாலு குவார்ட்டுக்கு மேல் எரிந்துபோயிருக்கும். மிச்சம் இருப்பது அரை குவார்ட்டும் இல்லை. சிந்தெட்டிக் என்றால் 10,000 மைல் போகலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஓட்டினவர் கார் பாதி வழியிலேயே காய்ந்துவிடும்.

டாஷ்போர்டில் வருகிற சிவப்பு ஆயில் விளக்கு காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். அது அழுத்தத்தைப் பார்க்கிறது, அளவைப் பார்ப்பதில்லை. வளைவில் திரும்பும்போது அந்த விளக்கு ஒரு கணம் மின்னி அணைகிறது என்றால், ஆயில் பம்ப் காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் பேரிங்குகள் தேய்கின்றன. டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் இயங்குவது, வால்வு நேரத்தை மாற்றுகிற விவிடி-ஐ அமைப்பும் அப்படியே. இரண்டும் தளர்ந்து காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கரகரவென்று சத்தம் போடத் தொடங்கும். ஆயில் குடிப்பதால் எஞ்சின் சாவதில்லை, குடித்த ஆயிலைத் திருப்பி ஊற்றாததால் சாகிறது. இந்த விஷயத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். எஞ்சினின் அமைப்பில் இருக்கிற குறை நிறுவனத்தினுடையது, ஆனால் அது ஐம்பது டாலர் குறையா, மூவாயிரம் டாலர் குறையா என்பதை முன்னாள் உரிமையாளர் தீர்மானித்துவிட்டுப் போயிருக்கிறார், அதை அவரிடம் நேரில் கேட்க முடிந்தால் கேட்டே ஆக வேண்டும்.

இரண்டாவது சேதம் மெதுவாக வரும். எரிந்த ஆயில் வெளியே போகிற வழியில், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் இருக்கிறது. ஆயிலில் இருக்கிற பாஸ்பரஸ் போன்றவை அதன் உள்பூச்சில் படிந்து அதைச் செயலிழக்கச் செய்யும். ஒரு நாள் செக் எஞ்சின் லைட் எரியும், ஸ்கேன் செய்தால் கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்கிற பி0420 கோடு வரும். புகைச் சோதனை கட்டாயமாக இருக்கிற மாநிலங்களில் இந்த லைட் எரிகிற காருக்கு ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்க முடியாது. கலிஃபோர்னியாவில் நிலைமை இன்னும் கடினம், மாநிலத்தின் காற்று வாரியம் ஒப்புதல் கொடுத்த கன்வர்ட்டரைத்தான் போட வேண்டும், அதன் விலை மற்ற மாநிலங்களில் கிடைக்கிற சாதாரண கன்வர்ட்டரைப் போலப் பல மடங்கு. டெக்சாஸில் இருநூறு முந்நூறு டாலரில் சமாளித்த கதையை நம்பி கலிஃபோர்னியாவில் வண்டி எடுக்கக் கூடாது. அதோடு, கன்வர்ட்டரை மட்டும் மாற்றி ஆயில் எரிவதை விட்டால் புதிய கன்வர்ட்டருக்கும் அதே கதி.

பிஸ்டன், ரிங் மாற்றுகிற வேலையை இன்று சொந்தக் காசில் செய்தால் பெரும்பாலும் காரின் மதிப்பில் பாதியைத் தாண்டிவிடும், எஞ்சினைப் பிரித்துச் செய்கிற வேலை அது. சரி, ஜங்க்யார்டிலிருந்து பழைய எஞ்சின் வாங்கிப் போடலாமே என்று சிலர் யோசிப்பார்கள். 2007–2009 காரிலிருந்து எடுத்த எஞ்சின் என்றால் அதற்கும் அதே வியாதி இருக்கலாம். 2002–2006 கேம்ரியிலிருந்து எடுத்தால் அங்கே வேறொரு பிரச்சினை: சிலிண்டர் ஹெட்டைப் பிடிக்கிற போல்ட்டுகளின் மரை பிளாக்கில் உரிந்து வருவது, கூலண்ட் கசிவது. அதற்குப் புது மரைக் குழாய் போட்டுச் சரிசெய்கிறார்கள், அதுவும் சின்ன வேலை இல்லை. ஆகவே எஞ்சின் மாற்றின கேம்ரி என்று யாராவது விற்றால், எந்த வருட எஞ்சின், யார் போட்டது, பில் இருக்கிறதா என்று மூன்றையும் கேட்க வேண்டும்.

இதற்கு நடுவில் மலிவாகச் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது, எஞ்சினுக்குள் சேர்கிற வாயுவை வெளியே எடுக்கிற பிசிவி வால்வு. சில டாலர் பொருள், அடைபட்டிருந்தால் அதுவே ஆயில் போகக் காரணமாகலாம். முதலில் அதை மாற்றிவிட்டு, பிறகு ரிங்கைச் சந்தேகப்படுவது நல்லது. ரிங்கை ஊறவைத்துக் கரியைக் கரைக்கிற திரவங்களை ஸ்பார்க் பிளக் துளை வழியாக ஊற்றிப் பார்க்கிறவர்களும் உண்டு. சிலருக்குக் குறைகிறது, சிலருக்கு ஒரு மாற்றமும் இல்லை, அதை நம்பி விலை பேசாதீர்கள்.

மற்ற செலவுகள்

ஆயில் விஷயத்தை ஒதுக்கி வைத்தால் இது உண்மையிலேயே செலவு குறைந்த கார். டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான், அதனால் தொண்ணூறாயிரம் மைலுக்கு ஒருமுறை வருகிற பெரிய பில் கிடையாது. ஸ்பார்க் பிளக் இரிடியம், 1,20,000 மைல் வரும். கூலண்ட் முதல் தடவை ஒரு லட்சம் மைல், அதன்பின் ஐம்பதாயிரத்துக்கு ஒருமுறை. கியர்பாக்ஸ் ஆயில் மாற்றவே வேண்டாம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை, இந்த வயதில் ஒருமுறை வடித்து நிரப்புவது நல்லது, டொயோட்டாவின் டபிள்யூஎஸ் வகை ஆயில் மட்டும்தான் போட வேண்டும்.

நகரத்தில் காலனுக்கு 21 மைல், நெடுஞ்சாலையில் 31 மைல் என்பது 2009 காரின் அரசு மதிப்பீடு. இரண்டும் கலந்து 25 என்று வைத்தால் வருடத்துக்கு 480 காலன், காலன் 3.25 டாலர் என்றால் 1,560 டாலர். ஆறு சிலிண்டர் எஞ்சினான வி6 எடுத்தால் 22 மைல் என்று வைத்து 545 காலன் ஆகும், 210 டாலர் கூடுதல். வி6-க்கு இந்த ஆயில் ரிங் வியாதி கிடையாது, ஆனால் வேறு இரண்டு கேள்விகள் உண்டு. விவிடி-ஐ-க்கு ஆயில் கொண்டுபோகிற குழாயில் ரப்பர் பகுதி ஒன்று இருந்தது, அது வெடித்தால் ஓரிரு நிமிடத்தில் ஆயில் முழுக்கச் சாலையில் கொட்டிவிடும். பின்னால் முழு உலோகக் குழாயாக மாற்றிக் கொடுத்தார்கள், மாற்றப்பட்டதா என்று பானெட்டுக்குள் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். இரண்டாவது, ஆரம்ப கால ஆறு கியர் ஆட்டோமேட்டிக் தயங்கித் தயங்கி மாறுகிறது என்ற புகார். 2007 அக்டோபரில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்கிற நுகர்வோர் பத்திரிகை கேம்ரி வி6-ஐ நம்பகத்தன்மையில் சராசரிக்குக் கீழே போட்டு, டொயோட்டாவின் புது மாடல் என்றாலே கண்ணை மூடிப் பரிந்துரைக்கும் வழக்கத்தையும் நிறுத்தியது. பெயரை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது என்று அன்றைக்கே சொன்னார்கள்.

வெயில் மாநிலங்களில், குறிப்பாக ஈரப்பதமும் சேர்ந்த ஃபுளோரிடா பக்கம், டாஷ்போர்டு உருகிப் பிசுபிசுக்கும், விரல் வைத்தால் ஒட்டும், வெயிலில் முன்கண்ணாடியில் பளபளவென்று பிரதிபலித்து எதிரே தெரியாமல் செய்யும். அதற்கும் இலவசமாக மாற்றுகிற திட்டம் இருந்து முடிந்துவிட்டது. ஓட்டத்தைப் பாதிக்காத குறை, ஆனால் மதிய நேரத்தில் மேற்கே ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது காலடியில் 'டொக்' என்று வருகிற சத்தம் இடைத்தண்டிலிருந்து வருவது, எரிச்சலூட்டும், பெரிய ஆபத்து இல்லை. வாட்டர் பம்ப் இந்த வயதில் கசியும், பம்பைச் சுற்றி இளஞ்சிவப்பாகக் காய்ந்த தடம் இருந்தால் கசிகிறது என்று பொருள். முன்பக்க ஸ்ட்ரட், மோட்டார் மவுண்ட், ஆல்டர்னேட்டர், இவை எல்லாம் எந்தப் பழைய காருக்கும் வருகிற செலவு. நான் கணக்குப் போடும்போது வாங்கின முதல் வருடத்துக்கு 1,000 முதல் 1,500 டாலர் ஒதுக்கி வைக்கச் சொல்வேன், அதை விலையோடு சேர்த்தே நினைக்க வேண்டும். ஐயாயிரம்தான் மொத்தம் இருக்கிறது என்றால் நாலாயிரத்துக்குள் கார் தேட வேண்டும்.

ரீகால் வேலைகளை, அதாவது பாதுகாப்புக் குறைக்காக நிறுவனம் காரைத் திரும்ப அழைத்து இலவசமாகச் செய்வதை, தனியாகப் பாருங்கள், வாரண்டி நீட்டிப்பு மாதிரி அவை பொதுவாகக் காலாவதி ஆவதில்லை. 2009 செப்டம்பரில் தரை மிதியடி ஆக்சிலரேட்டரில் சிக்குகிற பிரச்சினைக்கும் 2010 ஜனவரியில் ஒட்டிக்கொள்ளும் ஆக்சிலரேட்டர் பெடலுக்கும் வந்த பெரிய ரீகால்களில் இந்த கேம்ரிகள் உண்டு. கார் தானாக வேகமெடுக்கிறது என்ற அந்த விவகாரத்தில் மின்னணுக் கோளாறு காரணமா என்று நாசா வரை போய் ஆராய்ந்து, 2011 பிப்ரவரியில் அப்படி எதுவும் கிடைக்கவில்லை என்றார்கள். ஆனால் பிரச்சினையைப் பற்றி வாடிக்கையாளர்களிடம் உண்மையை மறைத்ததற்காக 2014-ல் டொயோட்டா 120 கோடி டாலர் கட்டியது. 2012 அக்டோபரில் ஓட்டுநர் பக்கத்து பவர் விண்டோ ஸ்விட்ச் சூடாகிப் புகையும் என்று உலகம் முழுக்க 74 லட்சம் கார்களை அழைத்தார்கள், 2007–2009 கேம்ரியும் அதில் உண்டு. அந்த ஸ்விட்ச் இறுகியிருக்கிறது என்று கடையில் கிடைக்கிற ஸ்ப்ரே எதையும் அதற்குள் அடிக்காதீர்கள், அது நிலைமையை மோசமாக்கும். தேசிய நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் வின் எண்ணைப் போட்டால் கடந்த 15 வருடத்தில் வந்து பாக்கி இருக்கிற ரீகால்கள் இலவசமாகத் தெரியும், அதற்கு முந்தையவற்றை டீலரிடம் கேளுங்கள்.

இன்ஷூரன்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. புதிதாக லைசென்ஸ் எடுத்தவருக்குப் பல இடங்களில் ரிப்பேரைவிட இதுதான் பெரிய செலவு. ஐயாயிரம் டாலர் காருக்கு ஆயிரம் டாலர் டிடக்டிபிளோடு (முதலில் நம் கையிலிருந்து போகிற பங்கு) கொலிஷன், அதாவது நம் காரின் மோதல் சேதத்துக்கான காப்பீடு, எடுத்தால் அதிகபட்சம் கைக்கு வருவது நாலாயிரம். வருடத்துக்கு அதற்கு எண்ணூறு டாலர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லலாம். அந்தப் பணத்தை லயபிலிட்டி, அதாவது மற்றவருக்கு நாம் ஏற்படுத்துகிற சேதத்துக்கான காப்பீட்டின் அளவை உயர்த்தப் போடுங்கள். அதில் மட்டும் மாநிலம் கேட்கிற குறைந்தபட்சத்தோடு நிற்காதீர்கள், எதிரே வருகிறவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு என்ன ஆகும் என்பது இந்த நாட்டில் எல்லாருக்கும் தெரியும்.

போய்ப் பார்க்கும்போது

விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், காரை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்க வேண்டும் என்று. போனதும் பானெட் மேல் கை வையுங்கள், சூடாக இருந்தால் காரணம் கேளுங்கள். டிப்ஸ்டிக்கை உருவி, துடைத்து, திரும்பச் செருகி, மறுபடி உருவிப் பார்க்க வேண்டும். மேல் கோட்டில் பொன்னிறமாக, தேன் நிறத்தில் ஆயில் இருந்தால் ஒன்று நேற்று ஆயில் சேஞ்ச் செய்திருக்கிறார், இல்லை நேற்று நிரப்பியிருக்கிறார். அது தப்பு இல்லை, ஆனால் அளவு சரியாக இருக்கிறது என்பதை வைத்து இந்த எஞ்சினைப் பற்றி எதுவும் முடிவு செய்ய முடியாது. கறுத்த ஆயில் மேல் கோட்டில் நிற்பது எனக்குப் பிடித்த காட்சி, பல ஆயிரம் மைல் ஓடியும் அளவு இறங்கவில்லை என்று அது காட்டலாம், கடைசி ஆயில் சேஞ்ச் ஸ்டிக்கரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள், உலோகம் இளம் பழுப்பாகத் தெரிந்தால் நல்லது, கருப்பாகத் தார் பூசினது போல இருந்தால் பல வருடம் ஆயிலைக் கவனிக்கவில்லை. டிக்கியைத் திறங்கள். அரைகுறையாகக் காலியான ஆயில் கேன் உள்ளே கிடந்தால் விற்பவர் சொல்லாததை அது சொல்லிவிடும், ஆனால் அதை வைத்து உடனே காரை ஒதுக்காதீர்கள், கவனமாக ஊற்றி வந்தவர் என்றும் அதற்குப் பொருள் உண்டு.

நீலப் புகை வரவில்லை, அதனால் ஆயில் எரியவில்லை என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். கன்வர்ட்டர் நல்ல நிலையில் இருக்கும்வரை நிறைய காரில் புகையே தெரியாது. காகிதம்தான் நம்பகம். டொயோட்டா டீலரின் சர்வீஸ் பகுதியில் வின் எண்ணைக் கொடுத்துக் கேட்டால் பிஸ்டன் வேலை நடந்ததா என்று பதிவில் பார்த்துச் சொல்வார்கள், கேட்கிற விதத்தில் கேட்டால் பெரும்பாலும் சொல்வார்கள். அந்த வேலை நடந்த கார் கிடைத்தால் ஐந்நூறு டாலர் அதிகம் கொடுத்தாலும் தகும். காரின் உரிமைப் பத்திரமான டைட்டிலில் சால்வேஜ் (பெரிய சேதமடைந்து காப்பீட்டு நிறுவனம் கைவிட்ட கார்) என்று இருந்தால், வெள்ளத்தில் மாட்டின கார் மாதிரி சீட் தண்டவாளத்துக்கு அடியில் மண் படிந்திருந்தால், அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். ஒரு தனி மெக்கானிக்கிடம் நூறு, நூற்றைம்பது டாலர் கொடுத்து வாங்குவதற்கு முன் பார்க்கச் சொல்வது இந்த வயதுக் காரில் தவிர்க்கவே கூடாத செலவு.

டீலரிடம் வாங்கினால் சட்டம் காப்பாற்றும் என்றும் நம்ப வேண்டாம். கண்ணாடியில் ஒட்டியிருக்கிற, வாரண்டி உண்டா இல்லையா என்று சொல்கிற பையர்ஸ் கைடு தாளில் 'இருக்கிறபடியே' என்று குறிக்கப்பட்டிருந்தால் பல மாநிலங்களில் கதை அங்கேயே முடிந்தது. நியூயார்க்கின் பழைய கார் சட்டம் ஒரு லட்சம் மைல் தாண்டின காருக்குப் பொருந்தாது, மாசசூசெட்ஸில் ஒன்றேகால் லட்சம் மைல். இந்தக் கார்களில் பெரும்பாலானவை அதையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டன.

பக்கத்தில் இருக்கிற மற்ற கார்கள்

கேம்ரிக்கு மட்டும் இப்படி என்று நினைத்து வேறு பக்கம் ஓடினால் அங்கேயும் ஒன்று காத்திருக்கிறது. அதே காலத்து நிசான் ஆல்டிமாவில் சிவிடி, அதாவது தனித்தனி கியர்கள் இல்லாமல் பெல்ட்டில் இயங்குகிற கியர்பாக்ஸ். 2010 வரையிலான கார்களுக்கு நிசானே வாரண்டியை 10 வருடம், 1,20,000 மைல் என்று நீட்ட வேண்டியிருந்தது. சிவிடி போனால் ஆயில் ஊற்றிச் சமாளிக்க வழியே இல்லை. 2011 மாடலிலிருந்து வந்த ஹூண்டாய் சொனாட்டாவில் தீட்டா எஞ்சின், கிராங்க்ஷாஃப்ட் கடைந்தபோது மிஞ்சின உலோகத் துகள் பேரிங்கைத் தின்று எஞ்சினே நின்றுவிடுகிற பிரச்சினை. 2015-ல் சுமார் 4,70,000 சொனாட்டாக்கள் அழைக்கப்பட்டன, 2017-ல் கியாவோடு சேர்த்துச் சுமார் 12 லட்சம் கார்கள். இவற்றோடு வைத்துப் பார்த்தால் கேம்ரியின் குறை ஒன்றுதான் உரிமையாளர் கையில் இருக்கிற குறை, டிப்ஸ்டிக்கைப் பார்த்து ஒரு குவார்ட் ஊற்றினால் கட்டுக்குள் நிற்கிறது.

அதனால் என் வரிசை இப்படி. 2010 அல்லது 2011 கேம்ரி 2.5 லிட்டர், ஆயிரம் டாலர் கூட இருந்தாலும் முதலில் அது. ஆயில் விஷயத்தில் நிம்மதி, மைலேஜும் கொஞ்சம் கூட, ஸ்டார்ட் செய்யும்போது கேம் கியர் சத்தம் வருகிறதா என்று மட்டும் கேளுங்கள். அடுத்து பிஸ்டன் மாற்றின 2007–2009 கார், காகிதத்தோடு. மூன்றாவது, பிஸ்டன் மாற்றாத கார், நீங்கள் கவனிப்பீர்கள் என்றால் மட்டும், அதுவும் கேட்கிற விலையிலிருந்து குறைந்தது ஆயிரம் டாலர் இறக்கி. கன்வர்ட்டரும் போயிருக்கிறது, செயினும் சத்தம் போடுகிறது என்றால் எந்த விலைக்கும் வேண்டாம்.

ஏற்கெனவே இந்தக் கார் உங்கள் வீட்டில் நிற்கிறது என்றால் அடுத்த தடவை பெட்ரோல் போடும்போது எஞ்சினை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஓடோமீட்டரையும் அளவையும் போனில் படம் எடுத்து வையுங்கள், ஒவ்வொரு தடவை டேங்க் நிரப்பும்போதும் இதையே செய்யுங்கள். மூன்று நாலு டேங்கில் உங்கள் எஞ்சின் எவ்வளவு குடிக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்துவிடும். 2,000 மைலுக்கு ஒரு குவார்ட் என்றால் நிம்மதியாக ஓட்டுங்கள். 800 மைலுக்கு ஒரு குவார்ட் என்றால் டிக்கியில் எப்போதும் ஒரு கேன் இருக்கட்டும், நீண்ட பயணத்தில் ஒவ்வொரு பெட்ரோல் நிறுத்தத்திலும் பாருங்கள், புகைச் சோதனைத் தேதி எப்போது வருகிறது என்று பார்த்து வையுங்கள். 400 மைலுக்கு வந்துவிட்டால் கன்வர்ட்டர் போவதற்கு முன்னால், உண்மையைச் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்றுவிடுங்கள். வாங்குகிறவர் நேற்றுத்தான் இந்த நாட்டில் வந்து இறங்கின ஒரு மாணவராக இருக்கலாம், ஆயில் குடிக்கிற வேகத்தை ஒரு காகிதத்தில் எழுதி டிப்ஸ்டிக்கைப் பார்க்கிற விதத்தையும் காட்டிக் கொடுங்கள்.